மாட்டோடு வந்த பழைய கயிறு

ஐயா, வணக்கம்.

பாலக்கோடு பக்கம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் போனே வாங்கிவிடலாம் போலிருந்தது. அதனால் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் மாற்றினேன். படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அன்றிலிருந்து கைரேகை எடுக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால், வெளியில் திறந்த போனைத் தொடமாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். புதிதாக வாங்கிய டிவி, பக்கம் பக்கமாக எதையோ காட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தச் சொல்கிறது. தர்மபுரியில் செருப்பு வாங்கப் போனாலும் போன் நம்பர் கேட்கிறார்கள். 'நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, கொடுத்துவிட்டுப் போ' என்கிறார் என் கணவர். எனக்குத்தான் விவரம் போதவில்லையா? பேசாமல் பட்டன் போனுக்கே மாறிவிடலாமா?

ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள டீச்சருக்கு,

விவரம் போதவில்லையோ என்று நீங்கள் கேட்டிருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. உடைந்ததை மாற்றினீர்கள், உழைத்த காசைக் கொடுத்தீர்கள். அதில் உங்கள் தப்பு எதுவுமே இல்லை.

எனக்கும் இரண்டு வருடம் முன்பு இதேதான் நடந்தது. ரவுண்டானா பக்கத்தில் ஒரு சின்னக் கடை. இருபத்திரண்டு வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. போனைச் சூட்டுத் தட்டில் வைத்து, பசை இளகியதும் ஓரத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் நகர்த்தித் திறந்தார். அரிசிமணியை விடச் சிறிய திருகுகள். கழற்றிய வரிசையிலேயே ஒரு காந்தத் தகட்டில் அடுக்கிக்கொண்டே வந்தார். என்னுடைய பழைய கைரேகை சென்சாரைப் பெயர்த்து எடுத்துப் புதுக் காம்போவின் (டிஸ்ப்ளேயும் மேல் கண்ணாடியும் சேர்ந்த பாகம்) அடியில் ஒட்டினார். எல்லாம் மாட்டி ஆன் செய்தால் வெளிச்சம் வந்தது, விரலை மட்டும் எடுக்கவில்லை. "அண்ணா, காம்போ நல்ல காம்போதான். சென்சாரும் உங்களுதேதான். ரெண்டையும் பொருத்திக் காட்ட கம்பெனி சாஃப்ட்வேர் வேணும். அத நமக்குத் தரமாட்டாங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த தோல்வியை நான் இன்னும் மறக்கவில்லை. கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது அவரை.

உங்கள் போனிலும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்ப்ளேக்கு அடியில் கைரேகை சென்சார் இருக்கும் போன்களில், புது டிஸ்ப்ளே போட்டதும் சென்சாரை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். பல மாடல்களில் அதற்கான சாஃப்ட்வேர் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது. 2019-ல் வந்த ஐபோன் 11 முதல், டிஸ்ப்ளேயை வெளியே மாற்றினால் அது அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று போனே அறிவிக்கும்படி ஆப்பிள் செய்தது. பாகம் நல்லதா கெட்டதா என்பது அங்கே இரண்டாவது கேள்வி. போட்டது யார் என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் தாத்தா போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு பிடிப்பார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்ததும், விற்றவர் தன் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார். தாத்தா கொண்டுபோயிருக்கும் புதுக்கயிற்றைக் கட்டுவார். அந்த நொடியிலிருந்து மாடு எங்களுடையது. இன்றைய போனையும் டிவியையும் நாம் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுகிறோம், கழுத்தில் பழைய கயிறு அப்படியே கிடக்கிறது. அதன் மறுமுனை இன்னும் விற்றவர் கையில் இருக்கிறது.

ஓசூர் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராகின்றன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நீங்கள் அ, ஆ சொல்லிக்கொடுத்த பெண்களில் யாராவதுகூட இருக்கலாம். பாகம் செய்வதற்கு நம் பக்கத்துக் கைகள் வேண்டும், அதே பக்கத்தில் ஒரு தம்பி போனைத் திறந்தால் மட்டும் ஆகாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது மாறாத விதியும் இல்லை. சார்ஜரையே பாருங்கள். எல்லாப் போனுக்கும் ஒரே மாதிரி துளை வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 வரை அவகாசம் இருந்தும், 2023-ல் வந்த ஐபோன் 15-லேயே டைப்-சி வந்துவிட்டது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம், பாகத்தைப் போனோடு இப்படிப் பூட்டிவைப்பதையே 2024-ல் ஒரு சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. எனக்கு அது போதாது.

அப்புறம் டிவி. விசியோ என்ற நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில், வீட்டுக்காரர்களின் சம்மதம் இல்லாமலே அவர்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி சேகரித்தது என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி அது முடிந்தது. உங்கள் டிவியிலும் செட்டிங்ஸில் தனியுரிமை என்ற பகுதிக்குப் போய், பார்க்கும் விவரம், விளம்பரம் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். கேபிள் சேனல் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்றால் டிவிக்கு வைஃபையே கொடுக்க வேண்டாம்.

செருப்புக் கடையில் நம்பர் தரவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. பில் போட நம்பர் வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே சொல்லியிருக்கிறது. 'நம்பர் இல்லாமல் பில் போடுங்கள்' என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கோபப்பட வேண்டாம், அவருக்கு மேலே இருந்து வரும் உத்தரவு அது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் போனில் உங்கள் விஷயம் மட்டுமா இருக்கிறது? வகுப்புப் பிள்ளைகளின் போட்டோ இருக்கும், அவர்கள் அப்பா அம்மா நம்பர் இருக்கும், எந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வந்த செய்தி இருக்கும். ஏதோ ஒரு ஆப் 'காண்டாக்ட்ஸ் பார்க்கலாமா' என்று கேட்கும்போது அவர்கள் எல்லோருடைய கதவையும் சேர்த்துத்தான் தட்டுகிறது. அதைத் திறந்துவிட நமக்கு உரிமை கிடையாது. பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி 2012-ல், 86 வயதில், ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

பட்டன் போன் வேண்டாம் டீச்சர். வருகைப்பதிவே போனில்தான் போடுகிறீர்கள், எப்படி முடியும்? காசு கொடுத்து வாங்கியவர் ஏன் விலகிப் போகவேண்டும்?

சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்பியதைப் பற்றி 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. பில்லையும், முடிந்தால் அவர்கள் மறுத்ததற்கு எழுத்தில் ஏதாவது ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த பழைய டிஸ்ப்ளேயைக் கிருஷ்ணகிரிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா? இந்த வாரமே போய்க் கேளுங்கள். உங்கள் அசல் சென்சார் இன்னும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.