இங்கிலாந்தில் சில நூறு பேர் வசிக்கும் கிராமத்தில்கூட பேராலயம் அளவுக்குப் பழைய சர்ச் நிற்கிறதே, அதை யார் கட்டினார்கள்? நீங்கள் பார்த்த ஒன்றை வைத்து விளக்க முடியுமா?

முடியும். சஃபோக் மாவட்டத்தில் பிளைத்பரோ என்ற ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில்தான் வசிக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் இங்கேதான் அழைத்துப்போவேன். ஏ12 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது, பிளைத் ஆற்றின் சேற்று வெளிக்கு மேலே இந்த ஆலயம் நீளமாகத் தெரியும். சுற்றி வீடுகள் கொஞ்சம்தான். இந்தப் பக்கத்து மக்கள் இதைச் சதுப்பு நிலத்துப் பேராலயம் என்பார்கள். பேராலயம் என்றால் பிஷப்பின் இருக்கை அங்கே இருக்கும். ஆனால் இங்கே எந்தக் காலத்திலும் பிஷப் இருந்ததில்லை. வெறும் பங்குக் கோயில்தான்.

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: பணம் இருந்தது, பயமும் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் பிளைத்பரோ ஒரு சின்னத் துறைமுக ஊர். கடலிலிருந்து ஆற்று வழியாகப் படகுகள் வந்தன, சந்தை நடந்தது, பக்கத்திலேயே அகஸ்தீனார் சபைத் துறவிகளின் மடம் இருந்தது. கம்பளித் துணி வியாபாரத்தால் சஃபோக் முழுக்கவே அப்போது செழிப்பு. செத்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது பாவக் கறை தீரும்வரை ஆன்மா தவிக்கும் இடத்தில், வேகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. அதனால் உயில் எழுதும்போது கோயிலுக்கு ஒரு தொகை எழுதிவைத்தார்கள். ஒருவர் ஜன்னலுக்கு, ஒருவர் கூரைக்கு, ஒருவர் மெழுகுவத்திக்கு. பதிலுக்கு 'இவர் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்' என்று லத்தீனில் ஒரு வரி பொறிக்கப்படும். பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது கோயில் வருமானத்தை அனுபவிப்பவரின் பொறுப்பு, அதாவது இங்கே மடத்தின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. ஆகவே இது ராஜா கட்டிய கோயில் அல்ல, பிரபு ஒருவர் தனியாகக் கட்டியதும் அல்ல. அந்த ஊரின் நிலக்கிழார் ஜான் ஹாப்டன் 1478இல் இறந்தார். அவருடைய கல்லறை பீடத்துக்கு வடக்கே இருக்கிறது. அவரும் ஊராரில் ஒருவராகத்தான் இதில் பங்கெடுத்திருக்கிறார்.

இனி கட்டடம். மேற்குக் கோபுரம் மட்டும் 14ஆம் நூற்றாண்டு. மற்றதெல்லாம் 15ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பியது. பாணிக்குப் பெர்ப்பெண்டிக்குலர் என்று பெயர். பிரான்சிலோ ஜெர்மனியிலோ இதைப் பார்க்க முடியாது, இங்கிலாந்து மட்டுமே வளர்த்தெடுத்த பாணி. ஜன்னல் சட்டங்கள் நேர்க்கோடாக மேலேறும், சுவர் குறைந்து கண்ணாடி பெருகும். பிளைத்பரோவில் நடுக்கூடத்துக்கு மேலே, கூரையை ஒட்டி, பக்கத்துக்கு 18 ஜன்னல்கள் வரிசையாக ஓடுகின்றன. கீழே இருக்கும் ஜன்னல்களைவிட இவை நெருக்கம். நடுக்கூடமும் பீடப் பகுதியும் ஒரே நீளக் கூரையின் கீழ், நடுவில் சுவரோ வளைவோ இல்லாமல் போகின்றன. உள்ளே நுழைந்ததும் கண் நேராகக் கடைசிவரை ஓடிவிடும்.

இந்தப் பகுதியில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்தால் உள்ளே கறுப்பாக, பளபளவென்று இருக்கும். வெளியூரிலிருந்து கொண்டுவந்த வெளிர் கல்லில் உருவம் வெட்டி, இடைவெளியில் இந்தக் கறுப்புச் சில்லுகளை மட்டமாகப் பதித்திருக்கிறார்கள். கிழக்குச் சுவரின் அடியில் இப்படிக் கிரீடம் வைத்த எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. மழை பெய்து ஈரமாக இருக்கும்போது போனால் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்து தெரியும். கட்டடத்தைச் சுற்றி நடக்காமல் நேராக உள்ளே போய்விடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது தேவதூதர்களை. கூரையின் நடுமுதுகு நெடுக, மரத்தில் செதுக்கிய தூதர்கள் இரண்டிரண்டு பேராக, முதுகோடு முதுகு சேர்த்து, இறக்கையை முழுசாக விரித்துப் படுத்திருக்கிறார்கள். கையில் கேடயம் வைத்திருக்கிறார்கள். ஒரு டஜன் அளவுக்கு மிஞ்சியிருக்கிறார்கள். கூரைச் சட்டங்களில் வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பும் பச்சையுமாகப் பூக்கள், இடையே இயேசுவின் திருநாம எழுத்துகள். மங்கியிருந்தாலும் அது ஐந்நூறு வருஷத்துப் பழைய சாயம். பிறகு யாரும் மேலே புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. எனக்கு இந்த ஆலயத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம்.

அந்தத் தூதர்களின் உடம்பில் ஈயக் குண்டுகள் பதிந்திருந்தன. காரணம் கேட்டால் பலரும் வில்லியம் டௌசிங் பெயரைச் சொல்வார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், கோயில்களிலிருந்து 'மூடநம்பிக்கை'ச் சின்னங்களை அகற்ற நாடாளுமன்றத் தரப்பு நியமித்த ஆள் அவர். 1644 ஏப்ரல் 9 அன்று பிளைத்பரோவுக்கு வந்தார். அவருடைய படைவீரர்கள் தூதர்களைப் பார்த்துச் சுட்டார்கள் என்பது கதை.

டௌசிங் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கோயிலிலும் என்ன உடைத்தேன், எதை உடைக்கச் சொன்னேன் என்று கணக்குப்பிள்ளை போல எழுதியிருக்கிறார். பிளைத்பரோ பதிவில் 20 கேருபீன்களை, அதாவது தேவதூதர் உருவங்களை, கழற்றி இறக்க வேண்டும், 200க்கும் மேற்பட்ட படங்களை 8 நாளுக்குள் அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டதாக வருகிறது. ஆன்மாவுக்காக மன்றாடக் கேட்கும் அந்த லத்தீன் வரிகள் மூன்றைத் தானே உடைத்ததாகவும் இருக்கிறது. துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 1974இல் கூரையைப் பழுதுபார்த்தபோது கிடைத்த குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் வார்டன்களின் 1761ஆம் ஆண்டுக் கணக்கில் வெடிமருந்துக்கும் குண்டுக்கும் பணம் கொடுத்த செலவு எழுதியிருக்கிறது. எதற்கு? கோயிலுக்குள் கூடுகட்டிய ஜாக்டா பறவைகளைச் சுட. காக்கைக் குடும்பத்துப் பறவை அது. கூரையில் உட்கார்ந்த பறவையைக் குறிவைத்தார்கள், தூதர் மேல் பட்டது.

டௌசிங்கை நான் காப்பாற்றப் பார்க்கவில்லை. கண்ணாடி ஓவியங்களில் பெரும்பகுதி போனது, ஞானஸ்நானத் தொட்டியில் இருந்த செதுக்கல்கள் மழுங்கடிக்கப்பட்டது எல்லாம் 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்திலும் அவர் காலத்திலும் நடந்த நாசம்தான். ஆனால் அந்தக் குண்டுகள் வேறொரு விஷயத்துக்குச் சாட்சி: 18ஆம் நூற்றாண்டில் ஜன்னல்கள் உடைந்து, பறவைகள் தாராளமாக வந்துபோகும் அளவுக்குக் கோயில் பாழாகிக் கிடந்தது.

காரணம், ஊர் நொடித்துப்போயிருந்தது. கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்தது. 1537இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடம் மூடப்பட்டது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போது இடி விழுந்து கோபுரத்தின் கூர்முனை சரிந்தது. ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். அதே நாளில் பங்கே என்ற ஊரிலும் இடி விழுந்தது. கறுப்பு நாய் உருவில் சாத்தான் வந்தான் என்று உடனே லண்டனில் ஒரு துண்டுநூல் அச்சாகி விற்றது. வடக்குக் கதவில் இருக்கும் கருகல் தடங்களை அந்த நாயின் நகக்கீறல் என்று இன்றும் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், கூட்டிப்போனால் காட்டுங்கள். 1676இல் ஊரில் தீப்பிடித்து, வீடு இழந்த பலர் திரும்பக் கட்டிக்கொள்ள வழியில்லாமல் வேறிடம் போனார்கள். பெரிய கோயில் மட்டும் சிறிய ஊரின் தலையில் பாரமாக நின்றது.

அப்புறம் பெஞ்சுகள். நடுக்கூடத்து பெஞ்சுகளின் முனைகளில் முழங்கை உயரத்துக்குச் சின்ன மர உருவங்கள் இருக்கின்றன. விதைப்பது, அறுப்பது, பன்றி அடிப்பது என்று பருவ வேலைகள் ஒருபக்கம். தலையான பாவங்கள் ஒருபக்கம். பேராசைக்காரன் பணப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறான். பெருந்தீனிக்காரன் தொப்பையைக் கட்டிப்பிடித்திருக்கிறான். சோம்பேறி கட்டிலில், போர்வைக்குள். புறம் பேசுகிறவனுக்கு நாக்கு வெளியே தொங்குகிறது. கைகூப்பி ஜெபம் செய்யும் ஒருவனுக்கு மட்டும் கண் திறந்திருக்கிறது: அவன் வெளிவேஷக்காரன். ஐந்நூறு வருஷமாக எழுந்து உட்காரும் கைகள் பிடித்துப் பிடித்து இவர்களின் தலைகள் வழவழப்பாகிவிட்டன. பீடப் பகுதியில் இருக்கும் பழைய இருக்கைகளில் ஒருகாலத்தில் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. மைக்கூடு வைக்கத் துளைகள் இருக்கின்றன. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டிர்க் என்ற பையன் தன் பெயரையும் 1665 என்ற ஆண்டையும் பலகையில் ஆழமாகக் கீறிவைத்திருக்கிறான். பாடம் நடக்கும்போதுதான் கீறியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

19ஆம் நூற்றாண்டு வந்தபோது, வசதியுள்ள ஊர்களெல்லாம் தங்கள் கோயில்களைப் 'புதுப்பித்தன'. பழைய பூச்சைச் சுரண்டினார்கள், பெஞ்சுகளைத் தூக்கி எறிந்தார்கள், தரையில் மினுமினுப்பான ஓடு பதித்தார்கள். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான கோயில்களுக்குள் போனால் இன்று நாம் பார்ப்பது விக்டோரியா காலத்து ரசனையைத்தான். எனக்கு அது ஆறாத வருத்தம். பிளைத்பரோவிடம் அதற்குப் பணம் இல்லை. மழை பெய்தால் உள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பார்கள். 1881இல் ஆபத்தான கட்டடம் என்று மூடிவிட்டார்கள். பழுதுபார்க்கத் திட்டம் போட்டபோது, வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கியிருந்த பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குறுக்கே வந்தது. இருப்பதைத் தாங்கிப்பிடியுங்கள், புதிதாக எதையும் செய்யாதீர்கள் என்று பங்குக் குருவோடு சண்டை போட்டது. கையிலும் காசு குறைவு, வெளியிலிருந்து கண்காணிப்பும் அதிகம். அதனால் வேலை மெதுவாக, கொஞ்சமாகத்தான் நடந்தது. செங்கல் தரையும் கூரைச் சாயமும் தப்பியது அப்படித்தான். சங்கம் இல்லாவிட்டாலும் ஏழ்மை பாதி வேலையைச் செய்திருக்கும் என்பது என் கருத்து.

பக்கத்து ஊர்கள் இரண்டைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். கடலோரத்து வால்பர்ஸ்விக்கிலும் இதே மாதிரி பெரிய கோயில் இருந்தது. ஊரின் வியாபாரம் படுத்ததும் பராமரிக்க முடியாமல், 1695இல் அனுமதி வாங்கிப் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டு, ஒரு மூலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கோவ்ஹைத்தில் 1672இலேயே அப்படிச் செய்தார்கள். அங்கே பெரிய கோயிலின் கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே கூரை வேய்ந்த ஒரு குட்டிக் கோயில் இருக்கிறது, ஞாயிறு ஆராதனைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பிளைத்பரோ ஊரார் ஏன் பிரிக்கவில்லை என்பதற்குக் கடிதம் எதுவும் எழுதிவைக்கவில்லை. ஓட்டையை அடைத்தார்கள், பறவையைச் சுட்டார்கள், தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

போவதாக இருந்தால், காலை வெயிலில் போங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கூரைச் சாயம் வெறும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஜூனில் ஆல்ட்பரோ இசை விழா நடக்கும். 1969இல் அந்த விழாவின் ஸ்னேப் அரங்கம் முதல் நாள் இரவே எரிந்துபோனபோது இந்தக் கோயில்தான் கச்சேரிகளுக்கு இடம் கொடுத்தது. கதவருகே காணிக்கைப் பெட்டி இருக்கும். ஈயக் கூரையும் சிக்கிமுக்கிச் சுவரும் இன்றும் அந்தச் சின்ன ஊரின் செலவுதான், முடிந்ததைப் போடுங்கள்.