போன், கணினி, பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்தது. தொட்டுத் திறந்தேன், பத்திரிகை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் என் எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அதே ஃபைல் போயிருக்கிறது. பணம் இன்னும் போகவில்லை. போனையே மாற்ற வேண்டுமா?
– மேலப்பாளையம் வாசகர்

பதில்: போனை மாற்ற வேண்டாம். முதலில் அதை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்துவிட்டதா என்று தனியாகப் பாருங்கள். சில போன்களில் ஏரோபிளேன் மோடிலும் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த காரியம் இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யுபிஐ, நெட் பேங்கிங், ஏடிஎம் கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்வது. புகார் எண் வாங்கி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

உங்களுக்கு வந்தது ஏபிகே, அதாவது ஒரு ஆண்ட்ராய்டு செயலி. பத்திரிகை என்றால் படமாக வரும், அல்லது பிடிஎஃப்பாக வரும். 'இன்ஸ்டால் செய்யவா?' என்று கேட்கிற பத்திரிகையை யாரும் அச்சடிப்பதில்லை. போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் தவணை, கரண்ட் பில் பாக்கி என்று வேறு வேறு பெயர்களிலும் இதே சரக்குதான் சுற்றுகிறது. உள்ளே போனதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வருகிற ஓடிபி எல்லாம் மோசடிக்காரர்களுக்கும் போய்ச் சேரும். உங்கள் எண்ணை வேறொரு போனில் வாட்ஸ்ஆப்பாகப் பதிவு செய்ய அந்த ஆறு இலக்கம் போதும். யுபிஐ பின் எஸ்எம்எஸ்ஸில் வராது. அதைப் பிடுங்க வங்கிப் பக்கம் போலவே ஒரு போலித் திரையைக் காட்டுவார்கள். அப்படி எதிலாவது கார்டு எண்ணோ பின்னோ அடித்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அடித்திருந்தால் அதையும் வங்கியில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி செயலியை எடுப்பது. இதற்கு ஐகான் இருக்காது, அதனால் முகப்புத் திரையில் தேடிப் பயனில்லை. பவர் பொத்தானை அழுத்தினால் வரும் 'பவர் ஆஃப்' என்பதையே விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் 'சேஃப் மோட்' வரும். அதில் நாம் பிறகு ஏற்றிய செயலிகள் எதுவும் ஓடாது. செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி', 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' இரண்டிலும் தெரியாத பெயர் இருந்தால் முதலில் அங்கே அனுமதியை அணையுங்கள். அதைச் செய்யாமல் போனால் 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கலாகவே இருக்கும். பிறகு ஆப்ஸ் பட்டியலில் எல்லாச் செயலிகளையும் காட்டச் சொல்லி, அந்தத் தேதியில் ஏறியதைத் தூக்குங்கள். கடைசியாக பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' ஸ்கேன். இவ்வளவு செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது) போடுங்கள். வங்கிச் செயலி இருக்கிற போனில் நான் சொல்வது ரீசெட்தான். பழைய பேக்கப்பிலிருந்து செயலிகளை மொத்தமாக மீட்காமல், ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து ஏற்றுங்கள்.

போன் சுத்தமானதும் அதே சிம்மில் வாட்ஸ்ஆப்பை மறுபடி பதிவு செய்தால் மோசடிக்காரர்களின் போனில் அது தானாக வெளியேறிவிடும். அவர்கள் இரண்டடுக்குப் பின் எண் (ஓடிபியோடு வாட்ஸ்ஆப் கூடுதலாகக் கேட்கும் ரகசிய எண்) போட்டு வைத்திருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அவர்களாலும் உள்ளே இருக்க முடியாது. உள்ளே போனதும் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து எல்லாவற்றையும் நீக்கி, இரண்டடுக்குப் பின் எண்ணை நீங்களே போடுங்கள். ஒரு காரியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கால் ஃபார்வர்டிங். *#21# அடித்தால் உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# எல்லாவற்றையும் ரத்து செய்யும். சில நிறுவனங்களில் இந்தக் குறியீடுகள் வேறு. அப்போது போனின் கால் செட்டிங்ஸில் பாருங்கள். அழைப்பு மூலம் சொல்லப்படும் ஓடிபியைப் பிடிக்கத்தான் அந்தத் திருப்பல். ஜிமெயில் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

பணம் போயிருந்தால் 1930, அதாவது சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். பரிவர்த்தனை எண், தேதி, வங்கிப் பெயர், தொகை நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன் முடக்குவதுதான் அங்கே நடக்கிற வேலை. அதனால் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்தால் போச்சு. வாடிக்கையாளர் தரப்புக் கவனக்குறைவால் போன பணத்தில், வங்கிக்குச் சொல்லும்வரையான நஷ்டம் அவருடையது, சொன்னதற்குப் பிறகு போவது வங்கியுடையது என்றுதான் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. புகார் எண்ணையும் நேரத்தையும் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: என் பழைய சைக்கிளை ஆன்லைனில் விலைக்குப் போட்டேன். வாங்குகிறவர் கியூஆர் அனுப்பி, 'ஸ்கேன் பண்ணிப் பின் போட்டால் உங்களுக்குப் பணம் வந்துரும்' என்கிறார். செய்யலாமா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: கூடாது. யுபிஐயில் பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை. பின் போட்டால் போகிற பணம்தான். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் கேட்கும்' வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த வழி அடைபட்டாலும் இப்படிக் கியூஆரை அனுப்பிப் பார்க்கிறார்கள். அவரை உங்கள் கியூஆரை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், ஆள் காணாமல் போவார்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலை அலுவலகத்தில் பில் போடும் கணினி விண்டோஸ் 10. ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். 'இதுல பதினொண்ணு ஏறாது, புதுசு வாங்கிருங்க'ன்னு கடையில் சொல்லுதாங்க. உண்மையா, வியாபாரமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: பாதி உண்மை. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைப் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். டிபிஎம் பல போர்டுகளில் இருந்தும் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கிற அமைப்புப் பக்கத்தில், அணைந்து கிடக்கும் (இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி), அதை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் ஏழாம் தலைமுறைப் பிராசசரை எட்டாம் தலைமுறையாக்க முடியாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை, தரப்பட்டது. கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் காசில்லாமலே கிடைக்கும். அப்டேட் பக்கத்தில் 'என்ரோல்' என்று தெரியும். அந்தத் தேதிக்குப் பிறகு கணினி நின்றுவிடாது; பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது, அவ்வளவே. பில் மட்டும் போடுகிற, இணையம் இணைக்காத, யாரும் பென் டிரைவ் செருகாத கணினிக்கு அது பெரிய அபாயமில்லை. நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டியும் அதிலேயே செய்கிறீர்கள் என்றால் அபாயம்தான். அந்த வேலையை வேறு கருவிக்கு மாற்றுங்கள்.

வேகம் போதவில்லை என்பதற்காகக் கடைக்குக் கொண்டுபோனீர்கள் என்றால் விஷயம் வேறு. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, ரேமை 8 ஜிபியாக்குவது, இரண்டும் சேர்ந்தால் ஆளே மாறிவிடும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். இணையத்துக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் அது நன்றாகவே ஓடும். ஆனால் விண்டோஸுக்கென்றே எழுதிய பில் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. மென்பொருள்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

கேள்வி: அம்மா பீடி சுற்றுகிறவர். கைரேகை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறார்கள் என்று செய்தி பார்த்துப் பயந்து, ஆதாரில் கைரேகையைப் பூட்டிவிட்டோம். இப்போது ரேஷன் கடையில் ரேகை ஏற்க மாட்டேன் என்கிறது.
– முக்கூடல் வாசகர்

பதில்: பூட்டியது வேலை செய்கிறது என்று அர்த்தம். கருவியில் 330 என்ற பிழை எண் வந்தால் பூட்டுதான் காரணம். அந்தப் பூட்டு கைரேகைக்கு மட்டும் உரியதல்ல. கண் பாவையும் முகமும் சேர்ந்தே அடைபடும். வேறு எண் வந்தால், இலை தேய்ந்து தேய்ந்து ரேகை மழுங்கிப்போனது காரணமாக இருக்கலாம். பீடி சுற்றுகிறவர்களுக்கு இது சாதாரணம். அப்போது வேறு விரலை வைத்துப் பாருங்கள், கண் பாவைக் கருவி இருக்கிற கடையில் அதைக் கேளுங்கள்.

பூட்டை முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. எம்-ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். கடையில் வரிசை நகர்ந்து அம்மாவின் முறை வரும்போது திறந்தால் போதும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே திறந்தால் வழியிலேயே பூட்டிவிடும். இதற்கு ஓடிபி தேவை, ஆகவே ஆதாரில் பதிவான எண் உயிரோடு இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, ஆதார் வழிப் பணம் எடுப்பதில் ஒரு முறைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு. அம்மா ஒருநாளும் கைரேகை வைத்துப் பணம் எடுப்பதில்லை என்றால், அந்த வசதியைக் கணக்கில் நிறுத்தும்படி கிளையில் எழுதிக் கொடுங்கள். அதைச் செய்துவிட்டால் ஆதார்ப் பூட்டே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடை மூழ்கி, வேலையும் பேக்கப்பும் இருந்த இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் போயின. இனி எப்படி வைக்க?
– ஸ்ரீவைகுண்டம் வாசகர்

பதில்: ஒரே அலமாரியில் இருக்கிற இரண்டு நகல், வெள்ளத்துக்கு ஒரே நகல்தான். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது பழைய கணக்கு. உங்கள் தொழிலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது; ஏன் என்று பார்ப்போம்.

4கே கேமரா ஒன்று நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா தலா ஐந்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. உங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் இதைக் கிளவுடில் ஏற்ற 50 மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். முகூர்த்த மாதத்தில் அது நடக்காது. எனவே கிளவுடுக்குப் போக வேண்டியவை இரண்டே: முடித்துக் கொடுத்த வீடியோவும், எடிட்டிங் புராஜெக்ட் ஃபைலும். மூலப் பதிவு இரண்டு டிஸ்க்கில், ஒன்று கடையில், ஒன்று தாமிரபரணிக் கரையிலிருந்து தள்ளி மேட்டில் இருக்கிற ஒரு வீட்டில். கல்யாணம் முடிந்த வாரமே அந்த இரண்டாவது டிஸ்க் கிளம்பிவிட வேண்டும். 'அடுத்த தடவை போகும்போது' என்று வைத்த டிஸ்க் கடையிலேயே கிடக்கும்.

மெமரி கார்டை எப்போது அழிப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு நகலும் எழுதி, சரிபார்த்து முடிகிறவரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. விண்டோஸில் வெறுமனே காப்பி, பேஸ்ட் செய்தால் எழுதியதை அது திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. டெராகாப்பி போன்ற நகலெடுக்கும் மென்பொருள்களில் 'வெரிஃபை' என்பதைத் தட்டிவிட்டால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் கூடுதலாகும், பரவாயில்லை. வருடக்கணக்கில் பெட்டியில் வைக்க எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரமே படாமல் நெடுநாள் கிடந்தால் அதில் பதிந்தது மெல்ல மெல்ல மங்கும். அந்த வேலைக்கு ஹார்டு டிஸ்க்கே சரி. மாதம் ஒரு முறை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள்; டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களை அவை எண்ணிக் காட்டும். மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே நகலெடுங்கள்; அந்த டிஸ்க்கை 'ரிப்பேர்' மென்பொருள் போட்டு நாள் முழுக்கச் சுற்றவிட்டால் இருக்கிறதும் போகும்.

மறுபடி நனைந்தால்? மின்சாரம் கொடுக்காதீர்கள். அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, வெயிலில் வைப்பது மூன்றும் வேண்டாம். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்கில் காற்றுக்காக ஒரு சிறு துளை உண்டு. அது வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், காய்ந்ததும் வண்டல் தட்டில் ஒட்டிக்கொள்ளும்; பிறகு ஓடவிட்டால் படிக்கும் முனை அதில் உரசித் தட்டையே கீறிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, திறக்காமல், தரவு மீட்கும் கூடத்துக்கு அப்படியே அனுப்புவதுதான் வழி.

கேள்வி: திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் போன் தொலைந்தது. டூப்ளிகேட் சிம் அன்றே வாங்கிவிட்டேன். போனை முடக்க அரசு இணையதளத்தில் முயன்றால் ஓடிபி வரவே மாட்டேன் என்கிறது.
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: சிம் மாற்றியதும் பாதுகாப்புக்காக எஸ்எம்எஸ் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கப்படும். மறுநாள் முயலுங்கள், வரும். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) கையில் இருக்க வேண்டும். ஐஎம்இஐ போன் வந்த பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். சஞ்சார் சாத்தி தளத்தின் 'சிஇஐஆர்' பகுதியில் பதிந்தால் நாட்டில் எந்த நிறுவனச் சிம் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் திறக்கவும் வேண்டும். மறந்துவிட்டால் கையில் இருக்கிற போனும் சும்மா கிடக்கும்.

அதற்கு முன் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்'பில் இருக்கும் இடம் பாருங்கள், தொலைவிலிருந்தே பூட்டுங்கள். 'எரேஸ்' கடைசி. அழித்தபின் இடம் காட்டாது.