கழுத்திரு பூட்டுவதற்குள் போர்ட்டை எடுத்துவிடலாமா?

கேள்வி: இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து பத்து மாதம் ஆகிறது. இப்போது தினம் ஒரு மாத்திரை மட்டும்தான். கீமோ மருந்து ஏற்றுவதற்காக வலது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்த போர்ட் அப்படியே இருக்கிறது. அது அடைக்காமலிருக்க ஃப்ளஷ் செய்ய, அதாவது ஊசியால் மருந்து நீர் விட்டுக் கழுவ, மாதாமாதம் மதுரைக்குப் போய் வருகிறேன். டாக்டர், 'எடுக்கலாம், அவசரமில்லை' என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் உடனே எடுக்கச் சொல்கிறான். நாத்தனாரோ, 'எடுத்தால் திரும்ப வந்துவிடும்' என்கிறார். தை மாதம் கணவருக்குச் சாந்தி (அறுபதாம் கல்யாணம்), எங்கள் செட்டிநாட்டுக் கனமான தங்கத் தாலியான கழுத்திரு பூட்ட வேண்டும். என்ன செய்வது?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, நாத்தனார் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். போர்ட் மருந்து இல்லை, வெறும் வழி. தோலுக்கடியில் ஒரு சின்னக் குப்பி, அதிலிருந்து இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை ஒரு குழாய், அவ்வளவுதான். அதை எடுத்ததால் நோய் வந்ததும் கிடையாது, வைத்திருந்ததால் வராமல் நின்றதும் கிடையாது.

டாக்டர் 'அவசரமில்லை' என்றது மழுப்பல் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நோய் முதல் ஓரிரு வருடத்துக்குள் திரும்பக்கூடிய வகையா, இனி ஊசி மருந்து ஏதும் பாக்கி இருக்கிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். சிலருக்கு கீமோ முடிந்தாலும் ஹெர்2 என்ற புரதம் அதிகமுள்ள புற்றுநோய் வகைக்கான ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வருடம் வரை போகும், அது முடியாமல் எடுக்கக் கூடாது. 'இருக்கட்டும்' என்றால், எத்தனை மாதம் என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் உங்கள் வலது கை. நான் கீமோ வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள், இதைத்தான் முதலில் பார்ப்பேன். இடது அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்திருந்தால் அந்தக் கையில் ஊசி வேண்டாம் என்பார்கள், ஆக மிச்சம் ஒரே கைதான். கீமோவில் நரம்பு கயிறாக இறுகிப்போய், வெந்நீர்ப் பை வைத்துத் தட்டித் தட்டித் தேடும்போது வலியைக் காட்டிக்கொள்ளாமல் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் கையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஒரே குத்தில் வந்தால் போர்ட்டுக்கு வேலையில்லை, நான் எடுக்கத்தான் சொல்வேன். பின்னால் தேவைப்பட்டால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். நாலு குத்துக் குத்தியும் வராமல் கை கன்றிப்போனால், கொஞ்ச காலம் இருக்கட்டும்.

வைத்திருப்பதானால் ஃப்ளஷை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை என்பது பழைய கணக்கு, இப்போது பல இடங்களில் 8 வாரம், 3 மாதம் என்று தள்ளிக் கொடுக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், மதுரைப் பயணம் பாதியாகும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதுவும் ஃப்ளஷ் செய்த அன்று வந்தால், அல்லது கழுத்தோ கையோ வீங்கினால், கஷாயம் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.

எடுப்பது பெரிய விஷயமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் பழைய தழும்பிலேயே கீறி, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். இழுக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். குழாய் முழுசாக வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கழுத்திரு. அத்தனை பவுனும் மஞ்சள் கயிறும் பச்சைப் புண்ணில் உரசக் கூடாது. காயம் ஆற இரண்டு மூன்று வாரம் வேண்டும், அதனால் எடுப்பதானால் கார்த்திகைக்குள் எடுத்துவிடுங்கள். அது தவறினால் சாந்தி முடிந்து பார்க்கலாம். அப்படியானால் அன்றைக்கு ரவிக்கைக்குள் போர்ட் மேட்டின் மேல் மெல்லிய பருத்தித் துணியை நாலாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள், உறுத்தாது.