கல்லூரி திறக்கிறது, மகள் ஊசி வேண்டாம் என்கிறாள்

கேள்வி (ஆகஸ்ட் 2021): என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. செப்டம்பர் 1 அன்று கல்லூரி திறக்கிறது. விடுதியில் கொரோனா ஊசிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவளோ, "பீரியட்ஸ் கெட்டுப்போகும், பிற்காலத்தில் குழந்தை பிறக்காதாம்" என்கிறாள். நடிகர் விவேக் மறைந்ததையும் சொல்கிறாள். எப்படிப் புரியவைப்பது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். "படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது?" என்றால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். இருபது வயதில், கொரோனா வந்தாலும் சளி மாதிரிப் போய்விடும் என்ற நினைப்பு இருக்கும். நோயின் பயம் குறைவாக இருப்பதால் ஊசியின் பயம் பெரிதாகத் தெரிகிறது. அவளுக்கு எது பயமோ, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குழந்தைப்பேறு பற்றிய பயம்தான் இங்கே முக்கியம். பெண் பிள்ளைகள் இதை அப்பாவிடமோ ஆசிரியரிடமோ கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் பேச வேண்டும். கோவிஷீல்டோ கோவாக்சினோ கருப்பையையும் சினைப்பையையும் பாதிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கர்ப்பிணிகளே போட்டுக்கொள்ளலாம் என்று கடந்த ஜூலை 2 அன்று மத்திய அரசு அனுமதித்துவிட்டது. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் போடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதும் பொய். எந்த நாளிலும் போடலாம். ஊசிக்குப் பிறகு அந்த மாதம் நாள் தள்ளியது, உதிரம் கூடுதலாகப் போனது என்று சில பெண்கள் சொல்வது உண்டு. அதை மறைக்காதீர்கள். பெரும்பாலும் அடுத்த மாதமே சரியாகிவிடுகிறது.

விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று மறைந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்தது, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே விளக்கினார்கள். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான் அவர் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். அவர் பெயரையே சொல்லி ஊசியை மறுப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

விடுதியைப் பற்றியும் பேசுங்கள். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. கொஞ்சம் மாணவர்களே தங்கியிருந்தும் எல்லோருக்கும் ஒரே மெஸ். முகக்கவசத்தோடு யாரும் சாப்பிட முடியாதே!

சரி, ஊசிக்குச் சம்மதித்துவிட்டால்? வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இந்த வயதில் ஊசி போட்ட கையோடு மயங்கி விழுவது பெரும்பாலும் பயத்தாலும் பசியாலும்தான். நன்றாகச் சாப்பிட்டு, உட்கார்ந்து போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் அங்கேயே இருக்கட்டும். எழுதாத கையில் போடச் சொல்லுங்கள். காய்ச்சல், உடம்பு வலி இரண்டு நாள் இருக்கலாம், பாராசிட்டமால் போதும். அதனால் தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டாம். இரண்டாவது தவணை கோவாக்சினுக்கு 28 நாள், கோவிஷீல்டுக்கு 84 நாள் கழித்து. எது போட்டார்கள் என்று சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஏதாவது மருந்துக்கோ ஊசிக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கோவிஷீல்டுக்குப் பிறகு மிக மிக அரிதாக ரத்தம் உறைவதுண்டு. நாலைந்து நாள் கழித்தும் விடாத கடும் தலைவலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது என்று ஏதாவது தெரிந்தால், ஊசி போட்ட தேதியைச் சொல்லி உடனே மருத்துவமனையில் காட்டுங்கள். இதையும் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.