1825 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

வணக்கம் சார்,

கிளார்க்ஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். பெட்டியில் 1825 என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் 'மேட் இன் வியட்நாம்'. அப்படியானால் இந்த இருநூறு வருடப் பாரம்பரியம் வெறும் விளம்பரம்தானே?

கே.

அன்புள்ள கே.,

விளம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

1825-ல் அவர்கள் ஷூவே செய்யவில்லை. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஸ்ட்ரீட் என்று ஒரு சிற்றூர். அங்கே குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சைரஸ் கிளார்க் ஆட்டுத்தோலில் விரிப்பு செய்து விற்றுவந்தார். அவரிடம் தொழில் பழக வந்த தம்பி ஜேம்ஸ், வெட்டியது போக மிஞ்சிய ரோமத்தோல் துண்டுகளைத் தைத்து, வீட்டுக்குள் போடும் செருப்பாக்கினார். அது விற்றது. 1833-ல் அண்ணனும் தம்பியும் கூட்டாளிகள் ஆனார்கள்.

தைத்தது ஊர்க்காரர்கள். வெட்டிய தோலை வீட்டுக்கு எடுத்துப்போய், குடும்பமாக உட்கார்ந்து தைத்து, முடித்த ஜோடிகளைத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். தையல் மெஷின் பிறகுதான் வந்தது. 1863-ல் கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தபோது மற்ற குவேக்கர்கள் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஜேம்ஸின் மகன் வில்லியம் பொறுப்பேற்று நிமிர்த்தினார்.

எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தவர் வில்லியமின் மகள் ஆலிஸ் கிளார்க். கம்பெனியின் இயக்குநர், பெண்களின் வாக்குரிமைக்காக நின்றவர். பதினேழாம் நூற்றாண்டில் உழைத்த பெண்களைப் பற்றி 1919-ல் அவர் எழுதிய வரலாற்று நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஊர் ஆண்கள் ஆற்றில் உடையில்லாமல் குளிப்பார்கள், அதனால் பெண்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே போகமுடியாது. அவர்களுக்காக ஒரு நீச்சல் குளம் கட்டப் பணம் எழுதிவைத்துவிட்டு ஆலிஸ் இறந்தார். 1937-ல் கிரீன்பேங்க் குளம் திறந்தது.

அவர்களுடைய டெசர்ட் பூட் என்ற ஷூவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்கு அனுப்பப்பட்ட, அதே குடும்பத்து நேதன் கிளார்க், கெய்ரோ கடைத்தெருவில் தைத்து வாங்கிய ஸ்வேட் (சொரசொரப்பான மென்தோல்) பூட்டுகளை அதிகாரிகள் போட்டிருப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பி அந்த மாதிரியைத் தானே வெட்டினார். கம்பெனியில் இருந்தவர்களுக்கு அதில் நம்பிக்கையில்லை. 1949-ல் சிகாகோ ஷூ கண்காட்சியில் அது எடுபட்டது. ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கயிறு கோக்கப் பக்கத்துக்கு இரண்டே துளைகள், அடியில் க்ரேப் ரப்பர். மேல்தோலின் விளிம்பை உள்ளே மடிக்காமல் வெளியே விரித்து அடியோடு தைத்திருப்பார்கள், அந்தத் தையல் வரி கண்ணுக்கே தெரியும். ஆக, அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற ஷூவே எகிப்தியத் தொழிலாளிகள் தைத்த மாதிரியிலிருந்து வந்தது. அந்தக் கெய்ரோக்காரர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. என் வருத்தம் அங்கேதான், வியட்நாமில் இல்லை.

ஸ்ட்ரீட்டின் பழைய ஆலை இருந்த இடத்தில் 1993-லேயே தள்ளுபடிக் கடை வளாகம் வந்துவிட்டது. 2021-ல் பெரும்பங்கு குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. கம்பெனி பிழைக்க அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த 1825-ஐ சம்பாதித்துக் கொடுத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்த அந்தக் குடும்பங்கள். உங்கள் ஜோடியை வியட்நாமில் தைத்தவர்களும் அதே வரிசையில் வருபவர்கள்தான் என்று நினைக்கிறேன். பாரம்பரியத்தில் பங்கு கேட்க கம்பெனியை விட அவர்களுக்கே உரிமை அதிகம்.