“எதுவானாலும் பரவாயில்லை” என்பவரிடம் பையைக் கொடுங்கள்

கேள்வி: நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலையில் இருக்கிறேன், காலை ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ரயிலில் போய்வருகிறார். மகன் பத்தாவது, மகள் ஆறாவது. மாமியாருக்குச் சர்க்கரை. ரிட்டயர் ஆன மாமனாருக்கு மத்தியானம் சோறு சூடாக இருக்க வேண்டும். வாரம் முழுக்க மெனு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிப் பார்த்தேன், புதன்கிழமைக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. என்ன சமைக்கட்டும் என்றால் “எதுவானாலும் பரவாயில்லை” என்கிறார் கணவர், வைத்த பிறகு “இதுவா?” என்கிறார். நல்ல மெனு ஒன்று போட்டுத் தாருங்கள்.
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: மெனு போட்டுத் தரப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒட்டிய சீட்டில் ஒரு தப்பும் இருந்திருக்காது. ஆறு பேர் சாப்பாட்டை ஒருத்தர் மட்டும் யோசித்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. சமைப்பது ஒரு வேலை, நாளைக்கு என்ன என்று பில் கவுன்டரில் உட்கார்ந்தபடி மண்டையை உடைத்துக்கொள்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்குக் குக்கர், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்துவிட்டன, இரண்டாவதை உங்கள் வீட்டில் இன்னும் யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.

அதனால் முதலில் உங்கள் வீட்டுக்காரர். “எதுவானாலும் பரவாயில்லை” என்பது கேட்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கும், ஆனால் முடிவு மறுபடி உங்கள் தலையில்தானே வந்து விழுகிறது? சரி, வாரத்தில் மூன்று நாள் காய் அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வரும்போது வாங்கி வரட்டும். முக்கியமான விஷயம், லிஸ்ட் எழுதிக் கொடுக்காதீர்கள், லிஸ்ட் எழுதினால் யோசிக்கிற வேலை திரும்ப உங்களுடையதாகிவிடும். அவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதுதான் மறுநாள். முழுச் சுரைக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு நாள் சுரைக்காய், யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அவரும்தான். ஒன்றிரண்டு வாரத்தில் கை தானாகப் பார்த்து எடுக்கும். இலவம்பாடி முள்ளுக்கத்தரி கண்ணில் பட்டால் மட்டும் விடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் காய், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் ராத்திரியை விட மறுநாள் டப்பாவில் இன்னும் நன்றாக இருக்கும்.

மெனுவில் பதார்த்தத்தின் பெயரை எழுதியதால்தான் அது புதன்கிழமை தாண்டவில்லை என்று நினைக்கிறேன். ‘முருங்கைக்காய் சாம்பார்’ என்று எழுதிவைத்து அன்றைக்கு முருங்கைக்காய் இல்லையென்றால் முழு வாரமும் சாய்ந்துவிடும். திங்கள் பருப்பு, செவ்வாய் புளிக்குழம்பு, புதன் கீரை, வியாழன் மோர்க்குழம்போ ரசமோ, வெள்ளி மறுபடி பருப்பு என்று வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காய், என்ன பொரியல் என்பதெல்லாம் முந்தின ராத்திரி தட்டை எடுப்பதற்கு முன் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே பேசி முடியுங்கள். அப்போது வாயைத் திறக்காதவருக்கு மறுநாள் “இதுவா?” கேட்க உரிமை கிடையாது. காலை அஞ்சரை மணிக்கு எடுக்கிற முடிவு பெரும்பாலும் உருளைக்கிழங்கில்தான் போய் முடியும்.

இப்போது குக்கர். பருப்பு நாளில் ஒரு டம்ளர் துவரம்பருப்புக்குப் பதில் இரண்டு டம்ளராகப் போடுங்கள், மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு, மேல்தட்டில் பீட்ரூட்டையோ உருளையையோ முழுதாக வைத்து ஒரே தடவையில் வேகவைத்துவிடுங்கள். வெந்த பருப்பில் பாதி அன்றைக்குச் சாம்பார். மீதியைத் தாளிக்காமல், உப்புப் போடாமல், ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ராத்திரி பருப்பு ரசத்துக்கோ அதற்கடுத்த நாள் கீரை கடைவதற்கோ ஆகும். புளியையும் ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து, உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுச் சுண்டக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் எடுத்துவைத்தால் வாரம் முழுக்கக் காலையில் புளி கரைக்கிற வேலை மிச்சம். கீரையை மட்டும் கழுவி வைக்காதீர்கள். ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து ஆய்ந்து (இதற்கு மாமனார், பேத்தி என்று எத்தனை கை வேண்டுமானாலும் சேர்க்கலாம்) பேப்பரில் சுற்றிவைத்துவிட்டு, காலையில் அலசினால் போதும்.

மாவு விஷயத்தில் நம்ம ஊர் வெயிலை மறக்காதீர்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ராத்திரி முழுக்க வெளியே இருந்த மாவு விடியும்போது பாத்திரத்தை விட்டு வழிந்து நிற்கும், புளிப்பு வாயில் வைக்க முடியாது. கோடையில் அரைத்ததும் பாதியை நேரே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுபாதியை மட்டும் பொங்க விடுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் புளித்ததற்கு வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கிப் போட்டுப் பணியாரம்.

மாமியாருக்குத் தனிச் சமையல் செய்கிறீர்களா என்று எழுதவில்லை, செய்துகொண்டிருந்தால் நிறுத்திவிடலாம். அதே குழம்பு, அதே பொரியல்தான், தட்டில் சோறு குறைந்து கீரையும் காயும் கூடட்டும், அளவை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்ம பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கேழ்வரகும் மாவுச்சத்துதான், இரண்டு உருண்டை உள்ளே போனால் ஏறத்தான் செய்யும். ஒரு சின்ன உருண்டையும் நிறையக் கீரைக் கடையலும் என்றால் சரி.

மாமனாரின் சூடான சோற்றுக்கு ஒரு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் போதும். அரிசியையும் அளவு டம்ளரையும் பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுப் போங்கள், அவர் களைந்து, தண்ணீர் ஊற்றிப் பன்னிரண்டு மணிக்கு ஸ்விட்சைப் போடட்டும். மாட்டேன் என்று சொல்வார் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கேட்டுப் பாருங்கள். டியூஷனுக்குப் போகும் பையனுக்கு அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை), சுண்டல் இந்த மாதிரி ஏதாவது டப்பாவில் இருந்தால் பேக்கரி பஃப்ஸ் செலவு குறையும்.

மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அடுப்பே பற்றவைக்காதீர்கள். ஆம்பூரில் வேலை பார்க்கிறவர் வீட்டில் பிரியாணிக்கு ஏன் நீங்கள் வெங்காயம் நறுக்க வேண்டும், கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் சேர்த்துப் பார்சல் வாங்கி வரச் சொல்லுங்கள். ரயிலில் வந்த பார்சல், அதுவும் வெயில் காலத்தில், வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். காலைக்கு என்று மேடையிலேயே மூடி வைக்கிற பழக்கம் இருந்தால், மிச்சத்தை ஃபிரிட்ஜுக்குள் எடுத்துவைக்கும் வேலையையும் வாங்கி வந்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.