படபடப்பும் பணிச்சோர்வும்: கேள்வி பதில்

கேள்வி: திடீர்னு நெஞ்சு அடிச்சுக்குது, விரல் மரத்துப்போகுது, உயிரே போற மாதிரி பயம். மூணு தடவை ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல். எல்லாரும் "நல்லா இழுத்து மூச்சு விடு"ங்கறாங்க. விட்டா இன்னும் தலை சுத்துது மேடம். (29 வயது, திருப்பூர்)

பதில்: தலை சுற்றுவதற்கு அந்த அறிவுரையும் ஒரு காரணம். பயத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறீர்கள். அதில் ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பு, உதட்டைச் சுற்றி ஊசி குத்தல், கிறுகிறுப்பு எல்லாம் அதனால் வருபவை. இன்னும் இழுத்தால் இன்னும் குறையும்.

வாயை மூடி, மூக்கு வழியே, சத்தம் கேட்காத அளவு சிறிதாக 4 எண்ணும்வரை உள்ளே இழுங்கள். உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவதுபோல மெதுவாக 6 எண்ணும்வரை வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, மொத்தம் 5 நிமிடம். படபடப்பு இல்லாத நேரத்தில் காலையும் மாலையும் பழகியிருந்தால்தான் வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவது வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

இந்தப் பதற்றம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் தானாகத் தணியும். அதே மாதிரி வருவதற்கெல்லாம் நான்காவது ஈசிஜி எடுக்காதீர்கள். இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும், மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பும். ஆனால் வலி புதுவிதமாக இருந்தால், நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்தால், தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், தயங்காமல் 108.

கேள்வி: பஸ்ல ஒரு தடவை இப்படி வந்துச்சு. அதுக்கப்புறம் மூணு மாசமா பஸ் ஏறலை. ஆட்டோ செலவு கட்டுப்படியாகலை. (மதுரை)

பதில்: ஏறாமல் விட்ட ஒவ்வொரு பஸ்ஸும் "ஏறியிருந்தால் ஏதோ ஆகியிருக்கும்" என்று மூளைக்குப் பாடம் நடத்துகிறது. தவிர்ப்பதில் பயம் வளரும். திரும்ப ஏறித்தான் இதை மாற்ற முடியும், ஆனால் படிப்படியாக.

ஒரு தாளில் 8 படிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்தை 10-க்கு மதிப்பிடுங்கள். ஸ்டாப்பில் 15 நிமிடம் நிற்பது 3 என்று வையுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஸ்டாப் தூரம் 4, ஐந்து ஸ்டாப் 6, மாலை நெரிசலில் மாட்டுத்தாவணி வரை 9. மூன்றிலோ நான்கிலோ தொடங்கி, ஒரே படியை வாரம் 4, 5 நாள் செய்யுங்கள். சாதாரணமாகத் தோன்றியதும் அடுத்த படி.

பலருக்கு இது பலிக்காமல் போவது இரண்டு இடங்களில். ஒன்று, பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடுவது. அது பாதியாகும்வரை, முடிந்தால், அங்கேயே இருங்கள். இரண்டு, ஊன்றுகோல்கள்: வழி நெடுக வீட்டுக்காரரோடு போனில் பேசுவது, படிக்கட்டுப் பக்கமே உட்காருவது, பையில் மாத்திரையைத் தொட்டுப் பார்ப்பது. "இவை இருந்ததால்தான் தப்பித்தேன்" என்று மனம் கணக்கெழுதும். மேலே ஏற ஏற ஒவ்வொன்றாகக் கைவிடுங்கள்.

கேள்வி: பத்து நாள் லீவு போட்டு ஊட்டி போய்ட்டு வந்தேன். திங்கள் லாப்டாப் திறந்தேன், செவ்வாய்க்குள்ள பழைய நிலைமை. நான் சோம்பேறியா சார்? (ஐடி ஊழியர், கோவை)

பதில்: இல்லை. லீவில் ஓய்வெடுத்தது நீங்கள். வேலைப்பளு அப்படியேதான் காத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பகுப்பில் பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. மூன்று அடையாளங்கள்: ஆற்றல் வற்றுதல், வேலைமீது வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, "எதைச் செய்தாலும் சரியாக வரவில்லை" என்ற எண்ணம்.

ஒரு வாரம், ஒவ்வொரு வேலையையும் எடுத்த நேரத்தோடு குறியுங்கள். எது உங்களை உறிஞ்சியது என்று கோடிடுங்கள். அளவுக்கு மீறிய வேலையா, முடிவெடுக்க உரிமையில்லாததா, பாரபட்சமா, பாராட்டே இல்லாததா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பாரபட்சத்தால் நொந்தவருக்கு யோகா வகுப்பு உதவாது.

பிறகு மேனேஜரிடம் "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று சொல்லாதீர்கள். அவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். அந்தப் பட்டியலைக் காட்டி, "இந்த மூன்றில் வெள்ளிக்குள் இரண்டுதான் முடியும், எதைத் தள்ளலாம்?" என்று கேளுங்கள். அவர் முடிவு சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

வேலையைத் தாண்டி, பிடித்த சாப்பாடு, குழந்தை, கிரிக்கெட் எதிலும் ருசியில்லாமல் இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ராத்திரி 3 மணிக்கு முழிப்பு. கடன், பிள்ளை படிப்பு, எல்லாம் வரிசையா வருது. (விழுப்புரம்)

பதில்: மாலை 6 மணிக்கு 20 நிமிடம் கவலைக்கென ஒதுக்கி, நோட்டில் எழுதுங்கள். செய்யக்கூடியதற்கு எதிரே நாளைய முதல் வேலை, செய்ய முடியாததற்கு எதிரே வெறும் கோடு. 3 மணிக்கு வந்தால், "ஆறு மணிக்குப் பார்க்கலாம்." கடிகாரம் பார்க்காதீர்கள். சுமார் 20 நிமிடமாகத் தூக்கமில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது படுங்கள். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது முக்கியம். தூக்கத்தை ஈடுகட்ட எட்டரைக்கே படுப்பதுதான் வழக்கமான தவறு. மதியம் 2 மணிக்குமேல் காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரமாகும்.

கேள்வி: எட்டு மாசமா பதற்றத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போடறேன், கடையில குடுக்கறாங்க. நாளையிலிருந்து நிறுத்திடலாமா அக்கா?

பதில்: தயவுசெய்து சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இடையில் வரும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் பார்த்து "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று பயந்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். குறைக்கும்போது உடல் காட்டும் எதிர்ப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை மதுவைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

கேள்வி: மாமியாருக்கு மறதி நோய். நாள் முழுக்க நான்தான். கோபம் வருது, பிறகு அழுகை. (தஞ்சாவூர்)

பதில்: கோபம் வருவதால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை அம்மா. நாத்தனார், கொழுந்தனாரிடம் "கொஞ்சம் உதவுங்க" என்று கேட்டால் எதுவும் நடக்காது. "ஞாயிறு 4 முதல் 8 வரை நீங்க", "ஒண்ணாம் தேதி மாத்திரை வாங்குறது உங்க பொறுப்பு" என்று ஆளும் நாளும் குறித்துக் கேளுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள், வெளியே போங்கள். சோர்வும் படபடப்பும் தொடர்ந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை நான்கையும் பாருங்கள்.

கேள்வி: காசு செலவில்லாம யார்கிட்ட பேசலாம்?

பதில்: டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 14416. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய எண் 1926. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அழையுங்கள், அருகில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலிருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.